நெட்டை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்

போன இதழில் பென்டிரைவ் வாங்குவது பற்றி எழுதியபோது, "இணையப் பக்கங்களையும் இதில் சேமித்து எடுத்துப் போகலாம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

*அம்மா, மலைமேல் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். புரொஜெக்டர் இருக்கிறது, சிக்னல் கிடையாது. கிரகணம் பற்றிய ஒரு பக்கத்தை வீட்டு லேப்டாப்பில் கண்ட்ரோல் எஸ் கொடுத்துச் சேமித்தேன். அதை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொண்டு, பள்ளிக் கணினியில் ஏற்றினேன். திறந்தால் எழுத்து மட்டும் வரிவரியாக வருகிறது, படம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எங்கே தவறு?*
— ஆசிரியை, கொல்லிமலை

டீச்சர், பள்ளிக்கு வந்து சேர்ந்தது பாதிப் பக்கம்தான். திரையில் ஒன்றாகத் தெரிவது உண்மையில் ஒரே கோப்பு அல்ல. எழுத்து ஒரு கோப்பில் இருக்கும். ஒவ்வொரு படமும் தனித்தனிக் கோப்பு. எது எங்கே, என்ன நிறத்தில், எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று சொல்லும் கோப்பு வேறு. நீங்கள் சேமித்தபோது லேப்டாப்பில் இரண்டு பொருள் உருவாகியிருக்கும்: பக்கத்தின் பெயரில் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, அதே பெயரோடு கடைசியில் 'ஃபைல்ஸ்' என்று ஒட்டிய ஒரு ஃபோல்டர். படமெல்லாம் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கிறது. விண்டோஸில் கோப்பை இழுத்தால் ஃபோல்டரும் கூடவே நகரும்; வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பு மட்டும்தான் போகும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் இதே கதிதான், ஏனென்றால் கோப்புக்குள் பழைய பெயர்தான் எழுதியிருக்கிறது.

இதற்கு வழி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது. குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல் எஸ் கொடுத்ததும் வரும் பெட்டியின் அடியில், கோப்பின் வகையைக் கேட்கும் இடத்தில் 'வெப்பேஜ், சிங்கிள் ஃபைல்' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். எம்ஹெச்டிஎம்எல் என்ற பெயரில் ஒரே கோப்பு கிடைக்கும். இது 1999-இலிருந்தே இருக்கிற முறை. ஒரே குறை, ஃபயர்பாக்ஸ் இதைத் திறக்காது. பள்ளிக் கணினியில் லினக்ஸும் ஃபயர்பாக்ஸும் மட்டும் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் உங்களுக்கு நான் சொல்வது சிங்கிள்ஃபைல் என்ற இலவச நீட்சி, அதாவது பிரவுசரோடு ஒட்டிவைக்கும் சிறு நிரல். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் நிறுவலாம். அது ஒவ்வொரு படத்தையும் எழுத்தாக மாற்றி ஹெச்டிஎம்எல் கோப்புக்குள்ளேயே செருகிவிடும். மூன்று பைட் படம் நான்கு எழுத்தாகும், ஆகவே கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். பரவாயில்லை, எந்தக் கணினியிலும் திறக்குமே.

சேமிப்பதற்கு முன் பக்கத்தை மேலிருந்து அடிவரை ஒருமுறை மெதுவாக உருட்டுங்கள். இப்போது பல தளங்களில் நம் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தால்தான் படம் இறங்கும். உருட்டாமல் சேமித்தால் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருக்கும். பெயர் கேட்கும்போது நீளமான தமிழ்த் தலைப்பை அப்படியே விடாதீர்கள். லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், மெய்யில் வைக்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் சேர்த்துத்தான் கணக்கு. ஆக 85 குறிகளோடு நின்றுபோகும். 'கிரகணம்1' என்று சின்னதாக வையுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். 2006-இல் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். பன்னிரண்டு பக்கங்களைச் சேமித்து, முதல் நாள் ராத்திரி வீட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் கச்சிதமாக இருந்தது. மறுநாள் மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; பன்னிரண்டில் ஒன்பது பக்கங்களில் படமே இல்லை. வீட்டில் பிராட்பேண்ட் ஓடிக்கொண்டிருந்தது. சேமித்த கோப்பில் படம் இருக்கவில்லை, படத்தின் இணைய முகவரிதான் இருந்தது. பிரவுசர் சத்தமில்லாமல் போய் எடுத்துவந்து காட்டியிருக்கிறது. அன்று கரும்பலகையில் வரைந்தே மூன்று மணி நேரம் ஓட்டினேன். தூரத்து ஊர்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

அதனால் டீச்சர், சேமித்ததும் நெட்டை நிறுத்துங்கள். லேப்டாப்பில் ஏரோபிளேன் மோட், டெஸ்க்டாப்பில் கேபிளையே பிடுங்கிவிடலாம். பிறகு கோப்பைத் திறந்து பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஏற்கெனவே பார்த்த படங்களைப் பிரவுசர் தன் தற்காலிக நினைவில் வைத்திருக்கும், நெட் இல்லாவிட்டாலும் அதிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்தால் அந்தச் சந்தேகம் தீரும். அந்தப் பக்கத்தை இதுவரை திறந்தே இராத வேறொரு கணினி கிடைத்தால் இன்னும் நல்லது.

நிலா சுற்றுவது போன்ற அசையும் விளக்கப்படம், வீடியோ இவையெல்லாம் இப்படிச் சேமித்தால் பெரும்பாலும் வராது. சிலவற்றை, உரிய கோப்புகள் எல்லாம் கையில் இருந்தாலும், இருமுறை சொடுக்கித் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் தெரியும். கணினியின் வட்டிலிருந்து நேராகத் திறக்கும் பக்கம், அருகில் இருக்கும் வேறு கோப்பைப் படிக்கப் பிரவுசர் பாதுகாப்புக்காக அனுமதிப்பதில்லை. அப்போது அந்தக் கணினியையே ஒரு சின்ன சர்வராக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவியிருந்தால், அந்த ஃபோல்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படித் தட்டுங்கள்: பைத்தான், இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி எம், இடைவெளி, ஹெச்டிடிபி புள்ளி சர்வர். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று கொடுத்தால் பக்கம் உயிர்பெற்று வரும். நெட் தேவையே இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிற ஆசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

*என் மொபைலிலேயே சேமிக்க முடியாதா?*
— கல்லூரி மாணவர், திண்டிவனம்

முடியும். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்தால் கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அழுத்துங்கள். 'டவுன்லோட்ஸ்' பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் படிக்க அதுவே போதும்.

*1990-களின் கடைசியிலும் 2000-இன் தொடக்கத்திலும் வெளிவந்த தமிழ் இணைய இதழ்களிலிருந்து கதை, கட்டுரை என்று நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சேமித்துச் சிடியில் வைத்திருந்தேன். அந்தத் தளங்கள் இப்போது இல்லை. சிடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்தால் ஒரு பக்கத்தையும் படிக்க முடியவில்லை, எல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?*
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ஐயா, தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களில் எத்தனையோ ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் இருந்தவை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடினார்கள். மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. உங்கள் சிடியில் இருப்பது வேறு யாரிடமும் இல்லாத பிரதியாகக்கூட இருக்கலாம்.

எழுத்து அழியவில்லை, கண்ணாடிதான் தொலைந்திருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முன் தமிழுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தார்கள். இணையத்தில் குழுவாகக் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் முடிவான டாம், டாப் இன்னொரு பக்கம். பத்திரிகைகள் தங்களுக்கென்று வைத்திருந்தவை வேறு. இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் துணைக் குறிகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் உள்ள குறிகள் தெரியும். எழுத்துருவை நாம் நிறுவாமலே பக்கத்தோடு தானாக இறங்கும்படி வைத்திருந்த தளங்களும் உண்டு. நாம் பக்கத்தைச் சேமித்தபோது அந்த எழுத்துரு கூட வரவில்லை. தளம் போனதும் எழுத்துருவும் போய்விட்டது.

சிடியை முதலில் அப்படியே வன்தட்டில் ஒரு பிரதி எடுங்கள். அந்தக் கோப்புகளைப் பிரவுசரிலிருந்து மறுபடி சேமிக்கவே கூடாது. புதிய பிரவுசர் அவற்றை யூனிகோடு என்று நினைத்துக்கொண்டு எழுதினால் உள்ளிருக்கும் குறிகள் உண்மையிலேயே கெட்டுவிடும். பிறகு நோட்பேடைத் திறந்து, கோப்பைத் திறக்கும் பெட்டியின் அடியில் குறியேற்றம் கேட்கும் இடத்தில் 'ஆன்சி' என்று மாற்றிவிட்டுத் திறங்கள். 'ஃபான்ட் ஃபேஸ்' என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். அதன் அருகே மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் எழுத்துருவின் பெயர்.

பெயர் இல்லாவிட்டாலும் அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலப் பெரிய 'ஏ', அமெரிக்கச் சென்ட் காசின் குறி, தலையில் சாய்கோடு போட்ட சிறிய 'யூ', இந்த நான்கும் இந்த வரிசையில் வந்தால் அது டிஸ்கியில் எழுதிய 'தமிழ்'. அந்தக் கால இதழ்களில் இந்தச் சொல் எப்படியும் இருக்கும். கண்டுபிடித்துவிட்டால், நோட்பேடிலிருந்து நகலெடுத்து என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் ஒட்டி, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு என்று கொடுங்கள். கிறுக்கல் கதையாகிவிடும். டாப், டாம் எழுத்துருக்களுக்கும் அதில் வழி உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. அசல் கோப்பையும் மாற்றிய கோப்பையும் இரண்டு தனி ஃபோல்டரில் வையுங்கள். எந்த இதழில், எந்த மாதம் வந்தது என்று நினைவிருந்தால் அதையும் மேலே எழுதிவிடுங்கள்.

*எங்கள் வட்டாரக் கோயில் கல்வெட்டுகள் பற்றிய ஒரு சிறிய தளம் இருக்கிறது. இருநூறு பக்கம் தேறும். ஒவ்வொன்றாகச் சேமித்துக் கை வலிக்கிறது. முழுதாக எடுக்க வழி உண்டா? அப்படி எடுப்பது சட்டப்படி சரியா?*
— வரலாற்று ஆர்வலர், புதுக்கோட்டை

உண்டு. ஹெச்டிட்ராக் என்ற இலவச மென்பொருள் 1998-இலிருந்து இதைத்தான் செய்கிறது. முகவரியைக் கொடுத்தால் இணைப்பு இணைப்பாகப் போய் எல்லாவற்றையும் இறக்கி, இணைப்புகளை உங்கள் கணினிக்குள்ளேயே திரும்பும்படி மாற்றிவைக்கும். ஆழம் என்ற அமைப்பு முக்கியம். முகப்பையும் ஒரு படியாக எண்ணி, இணைப்புகளில் எத்தனை படி உள்ளே போகலாம் என்பது அது. முதலில் இரண்டு என்று வைத்துச் சோதித்துவிட்டுக் கூட்டுங்கள். ஒரே நேர இணைப்புகளை இரண்டாகக் குறையுங்கள். ஒருவர் கைக்காசு போட்டு நடத்துகிற தளத்தின் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அவருடைய மாத அளவு தீர்ந்து தளமே நின்றுபோகலாம். ஸ்கிரிப்டை ஓட்டித்தான் உள்ளடக்கத்தைக் காட்டும் புதுவிதத் தளங்களில் ஹெச்டிட்ராக் எடுபடாது. நீங்கள் சொல்வது பழைய பாணித் தளம் என்றால் நன்றாகவே வரும்.

சட்டம் என்று பார்த்தால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. எடுத்ததை உங்கள் பெயரில் மறுபடி ஏற்றினாலோ விற்றாலோ அது வேறு கதை. என்னைக் கேட்டால், தளத்தை நடத்துகிறவருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். கல்வெட்டுக்காக இத்தனை உழைத்தவர், ஒரு பிரதி இன்னொரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்றால் மகிழ்ச்சிதான் அடைவார். முழுக் கோப்பையும் அவரே கொடுத்தாலும் கொடுப்பார்.

விக்கிப்பீடியாவை மட்டும் இப்படி இறக்காதீர்கள். அதை நெட் இல்லாமல் படிக்கக் கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாகக் கிடைக்கும், படமில்லாத சிறிய பதிப்பும் உண்டு. கொல்லிமலை டீச்சரும் இதைக் கவனியுங்கள்: ஆண்ட்ராய்டு மொபைலில் கிவிக்ஸைப் போட்டு ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்தால், வகுப்பில் உள்ள மற்ற கருவிகளும் அதிலிருந்தே படிக்கலாம். சிம் கார்டுகூட வேண்டாம்.

*மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு அரசு இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பக் கற்றுத்தருகிறேன். உண்மைத் தளத்தில் செய்து காட்டினால் தவறுதலாக விண்ணப்பம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்தைச் சேமித்துவைத்துச் செய்து காட்டலாமா?*
— பயிற்சியாளர், மானாமதுரை

பயம் நியாயமானது. சேமித்த பிரதி பார்க்க அப்படியே இருந்தாலும், 'சமர்ப்பி' பொத்தான் பல நேரங்களில் உண்மைத் தளத்தையே கூப்பிடும். நெட் இருந்தால் அது போய்ச் சேரவும் கூடும். நெட்டை நிறுத்திவிட்டால் அந்த ஆபத்து இல்லை, ஆனால் அடுத்த பக்கமும் வராது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்களின் பட்டியல் விரியும் இல்லையா, அதுவும் வராது. அந்தப் பட்டியல் அந்த நேரத்தில்தான் சர்வரிலிருந்து வருகிறது.

ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற நீட்சி குரோமில் இருக்கிறது. நீங்கள் தளத்தில் நடந்து போகும்போது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதை எல்லாம் பதிவு செய்யும். பிறகு அதே பாதையில், அதே தேர்வுகளோடு திரும்ப நடக்கலாம். நீங்கள் பதியாத மாவட்டத்தை யாராவது தொட்டால் ஒன்றும் வராது. தேர்ச்சி பெற்ற பயிற்சியாளருக்கு இது நல்ல கருவி. முதல் முறையாக மவுஸ் பிடிக்கிற பெண்களுக்கு என்றால், ஒவ்வொரு கட்டத்தையும் முழுப் பக்கப் படமாக எடுத்து வரிசையாகக் காட்டுவதையே நான் விரும்புவேன். ஃபயர்பாக்ஸில் வலது சொடுக்கில் 'டேக் ஸ்கிரீன்ஷாட்' இருக்கிறது, முழுப் பக்கத்தையும் எடுக்கும். அதை அச்சிட்டுக் கையில் கொடுத்துப் பேனாவால் நிரப்பச் சொல்லுங்கள். மறுவாரம் உண்மைத் தளத்தில் அவர்கள் கை தயங்காது.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். உள்நுழைந்த நிலையில் சேமித்த பக்கத்தில் உங்கள் பெயர், ஆதாரின் கடைசி எண்கள், மொபைல் எண் எல்லாம் பதிந்திருக்கும். குழுவில் யாருடைய உண்மை விவரத்தையும் போடாமல் கற்பனை விவரத்தில் எடுங்கள். இன்னொன்று, அந்தப் பிரதியை எந்தக் காரணம் கொண்டும் இணையத்தில் ஏற்றாதீர்கள். அரசுத் தளம் போலவே இருக்கிற பக்கத்தை வைத்துத்தான் மோசடிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள். உங்கள் நல்லெண்ணம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

*ஒரு கடையின் இணையதளத்தில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஆதாரமாகச் செல்லுமா?*
— வாசகர், ஈரோடு

தனியாக நிற்காது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்பகுதியில் எந்த முகவரியிலிருந்து சேமித்தது என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே எங்கோ விலையும் இருக்கும். 450 என்பதை 45 ஆக்கிச் சேமித்தால் பிரவுசர் 45 என்றே காட்டும். முகவரி வரியையும் அப்படியே மாற்றலாம். இதை எதிர்த்தரப்பும் அறிவார்கள். பக்கம் இன்னும் இருந்தால், இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் 'சேவ் பேஜ் நவ்' கொடுங்கள். தேதி, நேரத்தோடு மூன்றாவது ஆளிடம் ஒரு பிரதி நிற்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் செய்யுங்கள்.

*அம்மா, என் அப்பா 2009 முதல் 2016 வரை வலைப்பூவில் எழுதினார். எங்கள் தெரு, குளம், பழைய ஆட்கள் என்று நிறைய. போன வருடம் தவறிவிட்டார். அது இலவசத் தளம். ஒருநாள் காணாமல் போய்விடுமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.*
— வாசகி, தென்காசி

அம்மாடி, முதலில் இதைச் செய்யுங்கள். அப்பாவின் கடவுச்சொல் வீட்டில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று அவருடைய டைரி, பழைய மொபைல் எல்லாவற்றிலும் பாருங்கள். பிளாக்கரில் எழுதியிருந்தால் அது கூகுள் கணக்கு. இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் அறிவித்திருக்கிறது. கடவுச்சொல் கிடைத்தால் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். பிளாக்கரின் அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்பு எடுக்கும் வசதி இருக்கிறது. எல்லா இடுகைகளும் பின்னூட்டங்களும் ஒரே கோப்பாக வரும். ஆனால் அது பார்க்கிற மாதிரி இருக்காது, படங்களும் அதில் இருக்காது. அதனால் அதோடு நிற்க வேண்டாம்.

கடவுச்சொல் கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க முடிகிற எதையும் சேமிக்கலாம். அக்கம்பக்கத்தில் படிக்கிற பிள்ளை ஒன்றை உட்காரவைத்து, மேலே சொன்ன சிங்கிள்ஃபைலில் மாதம் மாதமாகத் திறந்து சேமிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் 'பழைய இடுகைகள்' என்ற இணைப்பு இருந்தால் அதையும் திறக்க வேண்டும், அங்கேதான் பாதி விட்டுப்போகும். படங்களைச் சொடுக்கிப் பெரிதாக்கித் தனியாகவும் சேமியுங்கள். பக்கத்தில் தெரிவது சிறிய வடிவம்தான். குளத்துப் படிக்கட்டில் நிற்கிறவர்கள் யார் என்று பின்னால் பார்க்க வேண்டுமென்றால் பெரிய படம் வேண்டும்.

முடித்ததும் நெட்டை நிறுத்திவிட்டு, 2009-இன் முதல் இடுகையையும் 2016-இன் கடைசி இடுகையையும் திறந்து பாருங்கள். நடுவில் ஏதாவது ஒரு மழைக்கால மாதத்தையும் திறங்கள். மூன்றும் படத்தோடு வந்தால், இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்து ஒன்றை உங்களுடன் பிறந்தவர் யாரிடமாவது கொடுத்துவையுங்கள். கடவுச்சொல் கிடைக்காமல் வேறு எங்காவது சிக்கினால் தளத்தின் முகவரியை எனக்கு எழுதுங்கள், நானே சேமித்து அனுப்பிவைக்கிறேன்.